காயாமல் மூடாதே

நவம்பர் 27, வியாழன்

விடியலில் பிடித்த மழை. பீங்கான் எஸ்டேட்டில் சூளை பற்றவைக்கவில்லை. வார்த்த சாமான் ஒன்றும் காயவில்லை. ஈரத்தோடு உள்ளே வைத்தால் வெடித்துத் தூளாகும். முதலாளி இரண்டு தடவை வந்து வானத்தை முறைத்துவிட்டுப் போனார். வானம் பயந்ததாகத் தெரியவில்லை.

வேலை இல்லாததால் எங்கள் வீட்டு ஷெட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் செய்த படகு அங்கேதான், தார்ப்பாய்க்குள். ஷெட் கதவில் அவர் கரித்துண்டால் எழுதியது அப்படியே இருக்கிறது: 'காயாமல் மூடாதே'. பிளாஸ்டர் அச்சுக்காக எழுதியது. ஈர அச்சை மூடிக் கட்டிவைத்தால் பூஞ்சை பிடித்து ஒன்றுக்கும் உதவாது. வீட்டிலும் அதே சட்டம்தான். அரிசிப் பானை, துணிப் பெட்டி, சோற்று டப்பா, எல்லாம் வெயில் பார்த்த பிறகே மூடி போட வேண்டும். கல்யாணமான புதிதில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இன்று செய்தது:
உட்காரும் பலகைக்குச் சக்கரம் மாற்றம்.
கால் கட்டையை முன்னால் நகர்த்தியது. அவருக்கு நீளக் கால்.
துடுப்புப் பிடிக்குப் புது ரப்பர். பழையதில் அவர் விரல் பதிந்த பள்ளம். எறிய மனம் இல்லை. டப்பாவில் போட்டு வைத்தேன்.

அவர் போய் ஐப்பசியோடு வருஷம் திரும்பிவிட்டது. போர்ட் பிளேரில் படகை இறக்கி, துடுப்பு மட்டும் போட்டு, கடலூரில் கரை ஏற வேண்டும். இதுதான் அவர் ஆசை. ஃப்யூஸ் கட்டைக்கும் பொம்மைக்கும் அச்சு எடுக்கிறவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காத ஆள் விருத்தாசலத்தில் இல்லை. "நான் வார்த்தது தண்ணியில நிக்குதான்னு பாக்கணும்" என்பார். அவரும் அவர் தங்கச்சி அமுதாவும் போவதாக இருந்தது. அதற்குள் எஸ்டேட் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இப்போது அவர் பலகையில் நான்.

டிசம்பர் 7, ஞாயிறு

வெலிங்டன் ஏரி. வெயில், காற்று கொஞ்சம். டிராக்டரில் படகை ஏற்றிக்கொண்டு போனோம்.

கரையில் ஆடு மேய்த்தவர்: "மீன் புடிக்கவாம்மா?"
அமுதா: "இல்லீங்க, சும்மா."
"சும்மாவுக்கா இம்மாம் பெரிய போட்டு?"
நியாயமான கேள்வி.

கடலூர் முதுநகரிலிருந்து மரியதாஸ் சார் வந்திருந்தார். கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் செத்த பிறகும் எங்களை விடாமல் பழக்குகிற ஒரே ஆள். இன்று கவிழ்க்கும் பரீட்சை. படகின் சின்ன அறைக்குள் என்னையும் அமுதாவையும் உட்கார வைத்து, கதவை மூடி, கயிறு போட்டுப் படகைக் குப்புறக் கவிழ்த்தார்கள். தலைகீழாக ஒரு மூச்சு நேரம். பிறகு தானாகவே நிமிர்ந்துகொண்டது. அமுதா கைதட்டினாள். எனக்கு வாந்தி.

மரியதாஸ் சார் கதவைத் தட்டிக் காட்டிச் சொன்னது: "உள்ள காத்து அடைஞ்சி இருக்குதுல்ல, அதான் நிமித்துது. இந்தக் கதவு மூடியிருக்கிற வரைக்கும்தான் இது போட்டு. தெறந்துட்டா தொட்டி. நல்லா நெனப்பு வச்சிக்கிங்க."

தலையாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் நானும் அமுதாவும் பேசாமல் செய்த முதல் காரியம், அறைக்கதவைத் திறந்து ஷெட்டில் காய விட்டது.

டிசம்பர் 19, வெள்ளி

லாரி வந்தது. பனி. படகு சென்னை போய், அங்கிருந்து கப்பலில் போர்ட் பிளேர்.

படகுக்குப் பேர் கொளஞ்சி. அவர் வைத்தது. பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் அவர் போன் நம்பர், ஆள் உயரத்துக்கு. அதை அழித்து என் நம்பரைப் போடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். அமுதா பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும் அண்ணி." அந்த போனை நான் இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை. அவர்களுக்கு மட்டும் அவர் இன்னும் சார்.

அத்தை, அவரைப் பெற்றவர், மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிட்டு வந்தார். கோரிக்கையை எழுதிச் சூலத்தில் கட்டிவிடுவது. நிறைவேறினால் போய் வாபஸ் வாங்க வேண்டும். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "அத உங்கிட்ட சொல்லணுமா? சாமிகிட்ட சொல்லியிருக்குது" என்றார். கடல் மேலேயே புகார் கொடுத்திருப்பார்.

லாரி போனபின் ஷெட்டுக்குள் போக முடியவில்லை. தரையில் படகின் நிழலளவு தூசி இல்லாத இடம். அவர் படுத்திருந்த கட்டிலை வெளியே எடுத்தபோதும் இப்படித்தான் இருந்தது.

ஜனவரி 7, புதன். போர்ட் பிளேர்

புழுக்கம். நாளெல்லாம் அதிகாரிகள், முத்திரை, "இன்னொரு காப்பி கொடுங்க". ஒரு ஆபீசர் என் வயதைக் கேட்டார். சொன்னேன். மறுபடியும் கேட்டார்.

ஏற்றியது: சத்துமாவு, அவல், பொருள்விளங்கா உருண்டை, எலுமிச்சை ஊறுகாய், சுக்கு. உப்புத்தண்ணீரைக் குடிநீராக்கும் மெஷின். சாட்டிலைட் போன். பட்டனை அழுத்தினால் கரைக்குத் தகவல் போகும் அபாய விளக்கு. அமுதா ரகசியமாக ஒரு பாட்டில் மூக்குப்பொடி ஏற்றியிருக்கிறாள். ஸ்ரீமுஷ்ணம் பள்ளியில் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித் தருகிறவள். கேட்டதற்கு, "அங்க எந்தப் பையன் பாக்கப் போறான்?"

அவர் இருந்தால் இந்நேரம் கயிறு கட்டுவதில் சண்டை வந்திருக்கும். சண்டை இல்லாத சாயங்காலம் நீளமாக இருக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

ராகுகாலத்துக்கு முன்பே புறப்பாடு. காற்று வடகிழக்கிலிருந்து, படகின் முதுகுப் பக்கம். கரை சீக்கிரம் மறையும் என்று நினைத்திருந்தேன். மறையவே மாட்டேன் என்கிறது. பச்சையாகப் பின்னாலேயே நிற்கிறது.

ஒருத்தி துடுப்பு, ஒருத்தி படுக்கை, மாற்றி மாற்றி. அழவில்லை. அமுதா அழுதாள், எனக்குத் தெரியாது என்று நினைத்து.

ஜனவரி 11

வாந்தி. சுக்கு. வாந்தி. சுக்கும் வாந்தி.

ஜனவரி 12

கரை இல்லை. எந்தப் பக்கமும். சூளைக்குள் தலையை விட்டுப் பார்த்தால்கூட மறுபக்கச் சுவர் தெரியும். இங்கே சுவர் இல்லை.

கை இரண்டும் கொப்புளம். அமுதா தன் கையைக் காட்டி, "பரவாயில்ல அண்ணி, பழகிடும்." அவள் கை என் கையைவிட மோசம்.

பொங்கல்

தேதி அமுதா சொன்னது. சூரியன் வந்ததும் வெந்நீரில் அவலும் வெல்லமும் போட்டு அதற்குப் பொங்கல் என்று பேர் வைத்தோம். சாட்டிலைட் போனில் அத்தை. "சாப்டீங்களா?" என்றுதான் முதலில். பிறகு, "போட்டு நல்லா இருக்குதா?" பிறகு லைன் போய்விட்டது.

கொளஞ்சி நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய அலையில் ஏறும்போது அடியில் எங்கும் முனகல் இல்லை. எஸ்டேட்டில் சுட்டு எடுத்த சாமானை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். கீறல் இல்லாவிட்டால் மணி மாதிரி பேசும். இன்று படகின் பக்கத்தைத் தட்டினேன். அவர் இருந்தால் அந்தச் சத்தத்துக்குச் சிரித்திருப்பார். நீங்கள் வார்த்தது தண்ணீரில் நிற்கிறது. சொல்ல ஆள்தான் இல்லை.

ஜனவரி 19

மூன்று நாளாக மேகம், சாரல், குறுக்கு அலை. எதுவும் காயவில்லை. மெத்தை பிழிந்தால் தண்ணீர் வருகிறது. உட்காரும் இடமெல்லாம் புண், உப்பு பட்டு எரிகிறது. மூடிய அறைக்குள் மூச்சு புளிக்கிறது. சுவரில் கறுப்பாகப் பூஞ்சை புள்ளி புள்ளியாக.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆகவில்லை. கை வலி தாங்குகிறேன், புண் தாங்குகிறேன். பூஞ்சையைத் தாங்க முடியவில்லை. அமுதாவும் விரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கிறாள்.

"கொஞ்ச நேரம் தெறந்து வைக்கலாமா அண்ணி?"
"மரியதாஸ் சார் என்ன சொன்னாரு?"
"அவரு வூட்ல பூஞ்ச புடிச்சா தெரியும்."

திறக்கவில்லை. ஆனால் இருவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 21

சாரல். அமுதாவோடு சண்டை. ஊறுகாய் மூடியைச் சரியாகப் போடவில்லை என்று. "எங்க அண்ணன் இருந்திருந்தா உங்கள ஏத்தியிருக்க மாட்டாரு" என்றாள். உண்மைதான். அதனால்தான் வலித்தது. பின்னால் வந்து என் முதுகில் எண்ணெய் தடவிவிட்டாள். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் வராது, எண்ணெய்தான்.

ஜனவரி 25, ஞாயிறு. சரக்குக் கப்பலில்

பென்சில் இந்தக் கப்பலுடையது. நோட்டு என் இடுப்புப் பையில் இருந்ததால் தப்பியது. நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். காற்று விழுந்து, அத்தனை நாளுக்குப் பிறகு வெயில். நல்ல வெயில், நம் ஊர் வெயில். நான் துடுப்பில். அமுதா அறையிலிருந்து வெளியே வந்தாள். மெத்தையைத் தூக்கி மேலே போட்டாள், துணிகளைப் பரப்பினாள். அறைக்கதவை முழுதாகத் திறந்து, பட்டென்று அடிக்காமல் இருக்கக் கயிறு போட்டும் கட்டினாள்.

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் துடுப்பு போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாடி, காயட்டும் என்று நினைத்தேன். மரியதாஸ் சார் முகம் ஒரு நொடி வந்தது. வெயிலைப் பார்த்ததும் போய்விட்டது. வெயில் வந்தால் கதவைத் திறக்காதவள் எங்கள் வீட்டில் யார்?

பக்கவாட்டில் ஒரு அலை, அதன் முதுகிலேயே இன்னொன்று. எங்கேயோ அடித்த புயலின் மிச்சம். படகு சாய்ந்தது. ஏரியில் சாய்ந்த மாதிரிதான். நிமிரும் என்று காத்திருந்தேன், தண்ணீருக்குள் கண்ணைத் திறந்துகொண்டு. நிமிரவில்லை. அறை நிறைந்துவிட்டது.

இடுப்புக் கயிறு இருந்ததால் இருவரும் படகோடு இருந்தோம். அடிப்பாகத்தில் ஏறி, கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து, எத்தனையோ தடவைக்குப் பிறகு புரட்டினோம். நிமிர்ந்தது, ஆனால் விளிம்பு வரை தண்ணீர். மொண்டு ஊற்ற ஊற்ற உள்ளே வந்தது. படகின் மூக்கில் அடைத்த தெர்மாகோல்தான் மிதக்க வைத்தது. பேட்டரி செத்தது. குடிநீர் மெஷின் செத்தது. போன் எங்கேயோ.

அபாய விளக்கை அழுத்தியது நான். அமுதா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் அவருக்கு இனி முடியாது என்று கையெழுத்துப் போட்டபோதும் இந்தக் கைதான்.

நேற்று மத்தியானம் இந்தக் கப்பல் வந்தது. கயிற்று ஏணி. மேலே ஒரு தூத்துக்குடிக்காரர், நல்ல மனிதர். படகையும் ஏற்றச் சொன்னேன்.

"ஆளத்தான் ஏத்த முடியும்க்கா. போட்ட ஏத்த கேப்டன் ஒத்துக்க மாட்டாரு."
"கட்டி இழுத்துட்டு வரலாமில்ல? மெதுவா?"
"இந்தக் கப்பல் வேகத்துக்குப் பிச்சிட்டுப் போயிரும்க்கா. உசுரு வந்ததே பெருசு. ஏறுங்க."

ஏறினோம். கொளஞ்சி கீழே ஆடிக்கொண்டு நின்றது, கூட வருகிறேன் என்கிற மாதிரி. பிறகு பின்னால் போனது. சிவப்பு நம்பர் கடைசி வரை தெரிந்தது.

அவர் படகைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேலை. நட்டநடுக் கடலில் விட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 26

கப்பல் விசாகப்பட்டினம் போகிறதாம். அமுதா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை பேசினாள்.

"நாந்தான் அண்ணி தெறந்தேன்."
"நானும் பாத்துட்டுதான இருந்தேன். சரின்னுதான் நெனச்சேன்."
"நீங்க சொல்லியிருக்கலாம்."
"சொல்லியிருக்கலாம்."

ஏறும்போது அறைக்கதவை மூடினேனா? நினைவு வரவில்லை. மூடியிருந்தால் கொஞ்ச காலமாவது மிதக்கும். திறந்திருந்தால் அடுத்த பெரிய அலைக்கே போயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏணியிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறேன். கதவு இருக்கும் இடத்தில் வெறும் வெளிச்சம்.

பிப்ரவரி 2, திங்கள். வீடு

ஜங்ஷனில் இறங்கியபோது வெயில். ஆட்டோக்காரர் எங்களை அடையாளம் கண்டு காசு வேண்டாம் என்றார். அது இன்னும் அவமானம்.

அத்தை வாசலில் நின்றார். அமுதாவின் கையை, தோளைத் தடவிப் பார்த்தார். என் கன்னத்தையும் தொட்டார். பிறகு எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார், லாரி எதுவும் வருகிறதா என்று.

"கொளஞ்சி எங்க?"

சொன்னேன்.

"எம்புள்ளய ரெண்டாவது வாட்டியும் வுட்டுட்டு வந்துட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். அதற்குப் பிறகு சோறும் போட்டார். சாப்பிட்டோம்.

பிப்ரவரி 5

எஸ்டேட்டில் மறுபடியும் வேலை. ஃப்யூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சீவுவது. நான் உள்ளே இருப்பது தெரியாமல் வெளியே டீ குடித்தவர்கள்:

"பொம்பளைங்கள யாரு போவச் சொன்னது?"
"உசுரோட வந்தாங்களே, வுடு."
"போட்டுதான் போச்சு. பாவம், அந்தாளு ராத்திரி பகலா செஞ்சது."

கம்மாபுரத்துக்காரி என் பக்கத்தில் உட்கார்கிறவள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வந்தவள். அவள் மட்டும் எதுவும் கேட்காமல் மோர் கொடுத்தாள்.

அத்தையிடம், பிராதைப் போய் வாபஸ் வாங்கலாமா, நாங்கள்தான் வந்துவிட்டோமே என்றேன். "கேட்டதுல பாதிதான வந்துருக்குது" என்றார். அப்போதுதான் தெரிந்தது அவர் என்ன எழுதினார் என்று.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஸ்ரீமுஷ்ணம் பஸ். அமுதாவைப் பார்க்க. போன் எடுப்பதில்லை, பள்ளிக்கு மட்டும் போகிறாள் என்று கேள்வி.

வாடகை அறை. சன்னல், கதவு எல்லாம் அடைத்து உள்ளே விளக்கு. கொடியில் ஈரத்துணி, வாடை. அவள் அண்ணன் வீட்டில் வளர்ந்தவள் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை. சன்னல் பக்கம் போனேன்.

"காத்து வரட்டுமே."
"வேணாம் அண்ணி. தெறக்காதீங்க."

உட்கார்ந்து அவள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். கிளம்பும்போது, "போயிட்டு வரேன்" என்றேன். "ம்" என்றாள். பஸ்ஸில் முழு வழியும் அழுகை. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒதுங்கி இடம் கொடுத்தார்.

படகையும் விட்டேன். இவளையும் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 26, வியாழன்

காலையில் பனி, பிறகு சுள்ளென்று வெயில். அரிசிப் பானையை வெளியே வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் போன் அடித்தது. லோன்காரர்கள்தான் என்று இரண்டு தடவை விட்டேன். மூன்றாவது தடவை எடுத்தேன்.

ஆண் குரல். பின்னால் காற்றும் அலையும் கேட்டன.

"வேதாரண்யம் பக்கத்துலேருந்து பேசுறங்க. போட்டு ஒண்ணு எங்க கரையில ஒதுங்கியிருக்குங்க. கொளஞ்சின்னு எழுதியிருக்கு. இந்த நம்பரும் போட்டிருந்துச்சு."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ள யாரும் இல்லைங்க. தேடிப் பாத்துட்டோம். எத்தன பேரு போனாங்க?"

"ரெண்டு பேரு."



"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

போனது நான்தான், கூடப் போனவள் ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறாள், இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்றேன். நம்பினாரோ இல்லையோ. யாரிடமோ திரும்பி, "இருக்காங்களாம்டா" என்று சொல்வது கேட்டது. அத்தை அடுப்படியிலிருந்து வந்து நின்றார். போட்டு வந்துவிட்டது என்று கையால் காட்டினேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

மறுமுனையில், "நாங்க யாரும் உள்ள கால் வைக்கலீங்க. கற்பூரம் ஏத்தி வச்சிருக்கோம். எதுவும் பெருசா ஒடையல, ஒடம்பு கெட்டியா இருக்கு. யாரு செஞ்சது?"

பேரைச் சொன்னேன். அமுதாவை அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே வருகிறோம் என்றேன்.

"வாங்க. நாங்க பாத்துக்குறோம். ரூமு கதவு தெறந்தே கெடக்கு, உள்ள தண்ணி நிக்குது. மூடி வைக்கட்டுங்களா?"

"மழ வருதா அங்க?"

"இல்லைங்க, நல்ல வெயிலு."

"அப்ப வேணாங்க," என்றேன். "காயட்டும்."